உதவி என்று கத்தியவன்

1

ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் என் மகள் யாழினிக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். அவள் வகுப்பில் பாதிப் பேர் வேறு தேசங்களிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள். அவரவர் வீட்டு மொழியில் ‘உதவி’க்கு என்ன சொல், அது எங்கே பிறந்தது, எப்போது அதைச் சொல்வார்கள் என்று கேட்டு எழுதி வர வேண்டும். வசந்தகால விடுமுறைக்கான பாடம் அது. அந்த விடுமுறையில்தான் என் அம்மாவின் முதல் தெவசத்துக்கு நாங்கள் சென்னைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான சென்னீர்குப்பம் போவதாக இருந்தது. மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நானும் மகளும் மட்டும் கிளம்பினோம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண் தமிழைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்டு எவ்வளவு நாளாயிற்று. நான் தமிழில் பேசினால் அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் அப்படித்தான் வண்டி ஓடுகிறது. இத்தனைக்கும் இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுப்பவன் நான். அந்த வகுப்பில் கடைசி வரிசையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் என் மகள். ஊருக்குத்தான் உபதேசம்.

விமானத்தில் அவளை விடவில்லை. ஜெர்மன்காரர்களின் ‘ஹில்ஃப’வும் ஆங்கிலத்து ‘ஹெல்ப்’பும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்றேன். பிரெஞ்சுக்காரர்கள் ஆபத்தில் ‘ஸெகூர்’ என்று கத்துவார்கள், அதன் லத்தீன் வேருக்குள் ‘ஓடிவருதல்’ இருக்கிறது என்றேன். நாம் சொல்கிற ‘சகாயம்’ வடமொழியில் ‘கூடப் போகிறவன்’ என்ற பொருளில் தொடங்கியது, நம் கடைத்தெருவுக்கு வந்ததும் விலையைக் குறைத்துக் கொடுப்பதற்குப் பெயராகிவிட்டது என்றேன். அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள். நான் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்தேன். அவரும் கண்ணை மூடிக்கொண்டார்.

2

இந்தச் சொல்லோடு எனக்கு ஒரு பழைய தகராறு உண்டு. ஜெர்மனிக்கு வந்த புதிதில், ஒரு பெரிய கடையில் துவரம்பருப்பு தேடிக்கொண்டிருந்தேன். கிடைக்காது என்று அப்போது எனக்குத் தெரியாது. அலமாரியில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட வேண்டும். வாக்கியம் வரவில்லை, சொல் மட்டும் வந்தது. “ஹில்ஃப!” என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

அவள் கையிலிருந்த பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். இன்னொருவர் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். ஒரு கிழவர் என் நெஞ்சில் கைவைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தார். அந்த ஊரில் அந்தச் சொல்லைத் தனியாகச் சொன்னால் உயிர் போகிறது என்று பொருள். பருப்பு வேண்டும் என்று நான் எப்படிச் சொல்வேன். தலை சுற்றுகிறது என்று பொய் சொல்லி, அவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே வந்தேன்.

ஆனால் அன்று ஒன்று மனதில் பதிந்துவிட்டது. இந்த ஊரில் ஆபத்து வந்தால் பயமில்லை, அந்த ஒரு சொல் போதும், ஓடிவருவார்கள் என்று. பிறகு பல வருடங்கள் அந்தச் சொல்லை மடியில் கட்டிக்கொண்டதுபோல் வாழ்ந்தேன். எது எந்த மொழியில் எனக்குள் ஊறிப்போயிற்று என்று பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை.

3

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பாட்டன் காலத்தில் நிலம் இருந்தது. நைனா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டினார். மிஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, உப்பு கேட்டால்கூடத் தெருவுக்குக் கேட்கும். அம்மா போன பிறகு என் தங்கை கலாதான் அவரைப் பார்த்துக்கொள்கிறாள். அதற்கு முன்பு அம்மாவையும் அவள்தான் பார்த்தாள். அவளுக்கு இப்போது இரண்டு முட்டியிலும் வலி. மாடிப்படியைக் கையால் பிடித்து, ஒவ்வொரு படியிலும் நின்று ஏறுகிறாள்.

அதனால் ஒரு முடிவு செய்திருந்தேன். நைனாவை மூன்று மாதம் என்னிடம் வரவழைத்து வைத்துக்கொள்வது. போனில் கலாவிடம் சொன்னேன். “நெஜமாவாண்ணா?” என்றாள். அந்தக் குரலில் இருந்த ஆசுவாசத்தைக் கேட்டு நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். ஜெர்மனி திரும்பியதும் அங்கே வெளிநாட்டினர் அலுவலகத்தில் போய்க் கையெழுத்துப் போட நேரமும் வாங்கியாயிற்று. என் விருந்தாளியின் செலவெல்லாம் என் பொறுப்பு, அவர் உங்கள் அரசாங்கத்திடம் எந்த உதவியும் கேட்க வேண்டிவராது என்று நான் எழுதிக்கொடுக்க வேண்டும். நைனாவிடம் கேட்டதற்கு, “வா, பாக்கலாம்” என்று மட்டும் சொல்லியிருந்தார்.

போய் இறங்கிய மறுநாளே யாழினியின் வீட்டுப்பாடத்தை நான் கையில் எடுத்துக்கொண்டேன். அவளுக்கு உறவினர்களிடம் கேட்கக் கூச்சம். அவள் தமிழைக் கேட்டால் எல்லோரும் கொஞ்சுகிறார்கள், அது அவளுக்குப் பிடிப்பதில்லை. நைனாவின் கூட்டாளி காதர் பாய் பூந்தமல்லியில் பட்டறை வைத்திருக்கிறார். அம்மாவின் துக்கம் விசாரிக்க வந்தவரிடம் நானே கேட்டேன்.

“நாங்க ஊட்ல தமிழ்தான். உதவின்னுதான் சொல்லுவோம்” என்றார் பாய். “உருது பேசறவங்க ‘மதத்’னு சொல்லுவாங்க. அது அரபியிலேர்ந்து வந்ததாம்.”

எனக்குப் புல்லரித்தது. எங்கள் ஜெர்மன் வீட்டுக்கு மேல்மாடியில் துருக்கிக்காரி ஒருத்தி இருக்கிறாள். துருக்கியில் ஆபத்துக்குக் கத்தும் ‘இம்தாத்’தும் அதே அரபி வேர்தான், வேருக்குப் பொருள் நீட்டுவது என்று மகளுக்கு விளக்கினேன்.

“நீட்றதா?” என்று சிரித்தாள் கலா. “நம்ம ஊர்ல கை நீட்டுனா ஒண்ணு பிச்சை, இல்லாட்டி அடி.”

‘ஒத்தாசை’ என்பது தெலுங்குக்காரர்களின் ‘ஒத்தாசு’விலிருந்து வந்திருக்கலாம் என்றேன். நைனா சலித்துக்கொண்டார். “எங்கேர்ந்து வந்தா இன்னாடா, வந்துச்சில்ல” என்றார். அத்தோடு எழுந்துபோய்க் கைகால் கழுவினார். யாழினி நான் சொன்னதையெல்லாம் போனில் குறித்துக்கொண்டாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை திருத்தும்போது எனக்கு எல்லாம் சரியாகப் போவதாகவே இருந்தது.

4

தெவசத்துக்கு முதல் நாள் காலையில் இலையும் காய்கறியும் வாங்க நைனாவும் யாழினியும் நானும் குமணன்சாவடிக்குப் போனோம். நான் கார் வரவழைக்கிறேன் என்றேன். நைனா ஷேர் ஆட்டோவை நிறுத்தி ஏறி உட்கார்ந்துவிட்டார். பூசணி, வாழைக்காய், இலைக்கட்டு எல்லாம் வாங்கித் திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. மெட்ரோ வேலைக்காகச் சாலையோரம் நெடுகத் தகரத் தடுப்பு வைத்திருந்தார்கள். இரண்டு தடுப்புகளுக்கு நடுவே ஆள் புகுகிற அளவுக்கு ஒரு சந்து. அந்தப் பக்கம் போனால் நிழல் இருக்கும் என்று நைனா அதில் நுழைந்தார்.

சத்தம்தான் முதலில் கேட்டது. போய்ப் பார்த்தால் நைனா தரையில் கிடக்கிறார். கால்வாய் மூடிக்கும் தடுப்பின் இரும்புக் காலுக்கும் நடுவே அவருடைய இடது பாதம் மாட்டிக்கொண்டிருந்தது. நான் குனிந்து தடுப்பைத் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. அது நாலு ஆள் சுமை. அவருடைய முகத்தில் வேர்வை வழிந்தது. “வலிக்குதா நைனா?” என்று கேட்டேன். என்ன கேள்வி.

சந்திலிருந்து சாலைக்கு ஓடிவந்தேன். எதிரே டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம். வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்:

“உதவி! உதவி! யாராவது உதவி செய்யுங்கள்!”

சத்தியமாக அப்படித்தான் கத்தினேன். ‘செய்யுங்கள்’ என்று முழுசாக. ஒரு கையை வேறு அவர்களை நோக்கி நீட்டிக்கொண்டு.

ஒருவரும் வரவில்லை. தகரத்துக்குப் பின்னால் கிடந்த நைனாவை அங்கிருந்து பார்த்தால் தெரியாது. தெரிந்தது நான்தான், கசங்கிய சட்டையோடு கை நீட்டி நிற்கிற ஓர் ஆள், பக்கத்தில் இலைக்கட்டைச் சுமந்துகொண்டு மிரண்டு நிற்கிற ஒரு பெண் பிள்ளை. குழந்தையோடு வந்த ஒரு பெண்மணி என்னைக் கண்டதும் சாலைக்கு அந்தப் பக்கம் ஒதுங்கினாள். கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் கேமரா எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். நான் இன்னும் சத்தமாக “உதவி!” என்றேன். டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். அப்பாடா என்றிருந்தது. அவர் வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து, நீட்டிய என் கையில் வைத்தார்.

“கொஞ்சம் ஓரமா நின்னு கேளு சார். வண்டி வர்ற எடம்” என்றார்.

என் அப்பா அங்கே கிடக்கிறார் என்று தமிழில் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் எனக்கு வரவில்லை. கையிலிருந்த நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது தகரத்துக்குப் பின்னாலிருந்து அந்த லேத் குரல் வந்தது.

“ஏ செவப்பு செருப்பு! உன்னத்தான்பா! இங்க வா, காலு மாட்டிகினு கீது!”

தகரத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. படுத்துக் கிடந்தவருக்கு அதன் வழியாகத் தெரிந்தவை கால்கள் மட்டும்தான். அவர் கால்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அந்தாண்ட ஊதா கைலி, அண்ணாத்தே, நீயும் வா! ஏ பூட்ஸு, பாத்துகினே நிக்கிறியே, இந்தத் தகரத்தைப் புடி!”

செவப்புச் செருப்பு ஓடியது. ஊதா கைலி பீடியைப் போட்டுவிட்டு ஓடியது. கேமரா தேடிய பையன்கள் பையை என் மகளிடம் கொடுத்துவிட்டு ஓடினார்கள். பத்து ரூபாய் கொடுத்தவரும் ஓடினார். “தூக்கு மாமே, இந்தாண்ட சாய்ச்சுப் புடி, பெருசு நீ காலை இழுத்துக்கோ” என்று ஆளுக்கொன்று சொல்லி, தடுப்பைத் தூக்கி, நைனாவை எழுப்பி, டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கையில் தண்ணீர் இருந்தது.

“அப்பவே சொல்லக்கூடாதா சார்” என்றார் பத்து ரூபாய்க்காரர். “உதவி உதவின்னா நான் இன்னாவோ ஆஸ்பத்திரி செலவுன்னு நெனச்சுகினேன்.” நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். “வச்சிக்க சார், பாப்பாக்கு எதுனா வாங்கிக் குடு” என்று வாங்க மறுத்துவிட்டார். பிறகு நைனாவிடம், “யாரு பெருசு இவரு?” என்று கேட்டார்.

“எம் புள்ளதான். வெளிநாட்டுல கீறான்.”

“அதான்” என்றார் அவர்.

அதில் கிண்டல்கூட இல்லை. இருந்திருந்தால் பரவாயில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது நைனா முன்னால் டிரைவரோடு பேசிக்கொண்டு வந்தார். பின்னால் யாழினி ஜெர்மனில், மெதுவாக, அந்த ஆள் எனக்கு ஏன் காசு கொடுத்தார் என்று கேட்டாள். நான் சொற்களின் வேரெல்லாம் சொல்லிக்கொடுத்த அப்பா. பார்வையை வெளியே திருப்பிக்கொண்டேன். அவள் இரண்டாவது முறை கேட்கவில்லை.

5

வீட்டில் அன்று முழுக்க அதே பேச்சு. டீக்கடையில் சொல்லக் கேட்டதை வைத்து நைனாவே நடித்துக் காட்டினார். “கைய நீட்டிகினு, நாடகத்துல ராஜா மாதிரி, செய்யுங்கள்ங்கிறான்.” கலா சிரித்துச் சிரித்து முட்டியைப் பிடித்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருப்பது இன்னும் கேவலம். நான் பிறந்து வளர்ந்த இடத்திலிருந்து இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி, நான் பேசிப் பழகிய முதல் மொழியில், என் தகப்பனுக்காக நான்கு பேரைக் கூப்பிடத் தெரியவில்லை. அங்கே ‘ஹில்ஃப’ என்று கத்தினால் வருவார்கள் என்று எனக்குள் எழுதியிருந்தது. பதற்றத்தில் அதைப் பெயர்த்துப் போட்டிருக்கிறேன். நம் ஊரில் யாரும் உதவியைக் கூப்பிடுவதில்லை. ஆளைக் கூப்பிடுகிறார்கள். இதை நான் இப்போது விளக்கி எழுதுகிறேன். அன்று எனக்கு விளக்கம் தேவைப்பட்டதுதான் வெட்கம்.

மறுநாள் தெவசம் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, நைனா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பாதத்தில் கலா மஞ்சள் பத்துப் போட்டிருந்தாள். எலும்புக்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நான் ஜெர்மனிப் பயணப் பேச்சை எடுத்தேன்.

“நான் வர்லடா” என்றார்.

“இன்னா நைனா, எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேனே.”

“அங்க நான் வுயுந்தேன்னு வச்சிக்கோ. நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் பூடுவீங்க. கொயந்த ஸ்கூலுக்குப் பூடும். நான் யாரைன்னு கூப்புடுவேன்?”

“ஒரே ஒரு வார்த்தை நைனா. நான் கத்துத் தர்றேன். அதச் சொன்னா ஓடியாந்துருவாங்க.”

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். கோபமில்லை. பிள்ளை புரியாமல் பேசும்போது பார்க்கிற பார்வை.

“நீ எனக்குக் கத்துத் தருவியா?” என்றார்.

எனக்குக் காது எரிந்தது. பிறகு, “தப்பா எடுத்துக்காத. இங்கன்னா தரையில கெடந்தாக்கூட நானே கூப்ட்டுக்குவேன். அங்க அதுவும் பூடும்” என்றார்.

கலா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று மாதம் மூச்சு விடலாம் என்று அவள் எண்ணியிருந்தது என்னால் போயிற்று. “வுடுண்ணா. அவுரு வந்துருந்தாலும் அங்க குளுரு ஒத்துக்காது” என்றாள். என் மானத்தை மறைக்க அவள் ஒரு போர்வை தேடி எடுத்துக் கொடுத்தாள். பிறகு, எச்சில் இலைகளை எடுக்கக் குனிந்தாள், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு. நான் ஓடிப்போய் எடுத்தேன். அன்று ஒருநாள் மட்டும்.

6

இங்கே திரும்பியதும் அலுவலகத்தில் வாங்கியிருந்த நேரத்தை ரத்து செய்தேன். ஏன் என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள். அப்பாவுக்கு வர விருப்பமில்லை என்றேன். உடம்பு சரியில்லையா, பார்த்துக்கொள்ள அங்கே யாராவது இருக்கிறார்களா என்று அக்கறையாகத்தான் கேட்டாள். “நிறையப் பேர் இருக்கிறார்கள்” என்றேன். நல்லது என்று சொல்லி, அடுத்த ஆளின் எண்ணை அழைத்தாள்.

யாழினி வீட்டுப்பாடத்தை எழுதி முடித்துக் காட்டினாள். எல்லாச் சொற்களும் இருந்தன. காதர் பாய் சொன்னதும் இருந்தது, மேல்மாடித் துருக்கிக்காரி இருந்தாள். ‘எப்போது சொல்வார்கள்’ என்ற கேள்விக்கு இரண்டே வரி. குமணன்சாவடி இல்லை. அதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். “உனக்குக் கஷ்டமா இருக்கும்ல” என்றாள், தமிழில். அவள் தமிழில் பேசினால் நான் சந்தோஷப்படுவேன் என்று அவளுக்குத் தெரியும். அன்று நான் மூக்கைச் சிந்துவதுபோல் பாத்ரூமுக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை வகுப்பை விடவில்லை. ஆனால் மாதிரி உரையாடல் என்று பலகையில் எழுதும்போதெல்லாம் கை தயங்குகிறது. இந்த வாக்கியத்தை இந்தப் பிள்ளைகள் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று பார்க்கிறேன். பாதியை அழித்துவிடுகிறேன்.

போன வாரம் கலாவோடு பேசிக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில், நைனா பாத்ரூமில் வழுக்கி விழுந்து தையல் போட்டது, இப்போது ஆறிவிட்டது என்றாள். நடந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. எதிர்வீட்டுப் பையன்தான் தூக்கியிருக்கிறான். எனக்குச் சுருக்கென்றது. போனை நைனாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

“என்னை ஏன் நைனா கூப்புடலை?” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவர் சிரித்தார். “கூப்புடு தூரத்துலயாடா கீற நீ?”

வெளியே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். “தோ வரேன்” என்று அந்தப் பக்கம் திரும்பிச் சத்தம் கொடுத்தார். லைன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நான், “சாப்ட்டியா நைனா?” என்று கேட்டேன்.